‘மா’ என்றால் எல்லா மொழியிலும் அம்மாதானா?

பிப்ரவரி 3, இரவு 9:40 (ஒரு வாசகர் எழுதியது)

“உலகத்தில் எந்த மொழியை எடுத்தாலும் ‘மா’ என்றால் அம்மா. இது தற்செயலாக இருக்க முடியாது. சீனத்தில் ‘மா’ என்றால் குதிரை. நம் சங்கப் பாட்டிலும் ‘மா’ குதிரைதான். பின்லாந்தில் ‘மா’ என்றால் நிலம். தஞ்சாவூர்ப் பக்கம் ‘மா’ நில அளவு. எல்லாம் ஒரே வேர் என்று ஒப்புக்கொள்ள நம் அறிஞர்களுக்கு ஏன் இத்தனை தயக்கம்?”

பிப்ரவரி 3, இரவு 11:15

ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா. அம்மாவுக்கு ‘தேதா’. தாத்தாவுக்குப் ‘பாப்பா’. உங்கள் முதல் வரியே கவிழ்ந்துவிட்டது. குதிரைக்கும் நிலத்துக்கும் பிறகு வருகிறேன். தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 4, காலை

“ஜார்ஜிய மொழி உங்களுக்கு எப்படித் தெரியும்” என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். தெரியாது. சரக்குக் கப்பல்களில் முப்பத்தொரு வருடம் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன் நான். அந்த வேலையில் எந்த மொழியும் முழுதாக வந்து சேராது. ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு சொற்கள் மட்டும் மசகு எண்ணெய் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

ஒரு கப்பலில் ஜார்ஜியாக்காரன் ஒருவன் மோட்டார்மேனாக இருந்தான். கருங்கடல் கரைப் பையன். ஒருநாள் இரவு சாப்பாட்டு அறைத் தொலைபேசியில் “மாமா, மாமா” என்று விசும்பிக்கொண்டிருந்தான். பேசி முடித்ததும் தோளில் கை வைத்து, “அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டேன். “அம்மா நன்றாக இருக்கிறாள், அப்பாவுக்குத்தான் அறுவைச் சிகிச்சை” என்றான். பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ் சமையல் உதவியாளனுக்கு மாமா என்றால் அம்மா. எனக்கோ, பத்தாம் வகுப்பில் சைக்கிள் வாங்கித் தந்த என் தாய்மாமன். ஒரே மேசை, ஒரே சொல், மூன்று உறவு. அன்று நாங்கள் மூவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் அந்தப் பையனும் கொஞ்சம் சிரித்துவிட்டான்.

அம்மாவைக் குறிக்கும் சொல்லில் பல மொழிகளில் மகரம் இருப்பது உண்மைதான். அதற்கு ஒரு வேர் தேவையில்லை. ரோமான் யாக்கப்சன் என்ற மொழியறிஞர் 1959 இல் இதைப் பற்றி எழுதினார். உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டப்பட்ட 1072 தாய், தந்தைப் பெயர்கள் அவர் முன் இருந்தன. மார்பில் வாய் வைத்திருக்கும் குழந்தை மூக்கால்தான் முனக முடியும். அந்த முனகல் மகரம். வாயைத் திறந்தால் ஆகாரம். பால் கேட்டுக் குழந்தை எழுப்பும் ஒலியைத் தன்னை அழைப்பதாகப் பெரியவள் எடுத்துக்கொள்கிறாள். ஆகவே ‘அம்மா’ ஒத்துப்போவதை வைத்து மொழிகளுக்கு உறவு கட்ட முடியாது. எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி வாய் என்பதற்கு மேல் அது எதையும் காட்டவில்லை. ஜார்ஜியாவில் அப்பாக்கள் முந்திக்கொண்டார்கள் போலும்.

பிப்ரவரி 5

இது சான்று இல்லை, கதை. ஆனாலும் எழுதத் தோன்றுகிறது.

எங்கள் கப்பலின் தலைமைச் சமையல்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் மாவு என்பதை அவர்கள் ‘மா’ என்பார்கள்: அரிசி மா, கோதுமை மா, புட்டுக்கு மா. இந்தியக் கப்பல்களில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கப்பல் இந்தி உண்டு. நாற்பது சொல்லுக்கு மேல் போகாது. அவர் ஒரு விடியற்காலையில் மேல்தளத்துக்குப் போய், பீகார்க்காரரான தலைமை அதிகாரியிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “சாப், மா கதம்” என்றார். மா தீர்ந்துவிட்டது, அடுத்த துறைமுகத்தில் வாங்க வேண்டும் என்று பொருள். அதிகாரி எழுந்து தொப்பியைக் கழற்றினார். சமையல்காரரைக் கட்டிக்கொண்டார். இந்தியில் அதற்கு அம்மா போய்விட்டாள் என்று பொருள். சமையல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. மாவுக்கு இத்தனை துக்கமா என்று அவரும் கண் கலங்கிவிட்டார். செயற்கைக்கோள் தொலைபேசியில் வீட்டுக்குப் பேசச் சொல்லி அழைத்துப்போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

அன்று காலை ரொட்டி கிடையாது. சோறுதான்.

பிப்ரவரி 6, மதியம்

இப்போது நிலம். இது என் சொந்த ஊர் விஷயம். காவிரிக் கடைமடையில் பிறந்தவன். அப்பாவுக்கு ஆறு மா நிலம். இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் விளைச்சல் கேட்கிறவர் “மாவுக்கு எத்தனை மூட்டை?” என்றுதான் கேட்பார். வெளியூர்க்காரர் இதை மாவு மில் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்.

நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். இதில் கவனிக்க வேண்டியது அந்த இருபது. பழைய தமிழ்க் கணக்கில் ‘மா’ என்றால் இருபதில் ஒரு பங்கு. எதில் வேண்டுமானாலும் இருபதில் ஒன்று மா. வேலியில் இருபதில் ஒன்று என்பதால் அந்த நிலத்துண்டுக்கும் மா என்று பெயர். ஆக, இந்தச் சொல்லின் உள்ளே மண் கிடையாது, வயல் கிடையாது, வெறும் பின்னம். பின்லாந்துக்காரனின் ‘மா’வோ நாடு, தரை, மண், பூமி எல்லாம். நம் 1/20 க்கும் அவன் பூமிக்கும் என்ன சம்பந்தம்? (மாகாணி என்றால் காணியில் இருபதில் ஒன்று என்பது இப்போது யாருக்காவது நினைவிருக்கிறதா?)

பின்லாந்து மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் முடிச்சுப் போடும் ஆசை புதிதில்லை. கால்டுவெல் தம் 1856 ஆம் வருட ஒப்பிலக்கணத்திலேயே ‘சித்தியம்’ என்ற பெரிய குடும்பத்துக்குள் இரண்டையும் கொண்டுபோக முயன்றார். அவர் இலக்கண அமைப்பையும் சொற்களையும் வரிசையாக வைத்து வாதாடினார். நீங்கள் ஒற்றை எழுத்தை வைத்து வாதாடுகிறீர்கள்.

பிப்ரவரி 6, இரவு

தவறு. மாகாணி பற்றி மேலே நான் எழுதியது தவறு. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் நறுக்கென்று திருத்தியிருக்கிறார். அது பெருக்கல் இல்லை, கூட்டல். மா 1/20, காணி 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. அதுவே வீசம்.

என் பாட்டி வாய்ப்பாடு சொன்னபோது திண்ணையிலிருந்து எழுந்து ஓடியவன் நான். அதற்கான தண்டனை ஐம்பத்தைந்து வருடம் கழித்து வந்திருக்கிறது. அந்த வாய்ப்பாட்டின் அடிமட்டத்தில் 1/320 க்கு ‘முந்திரி’ என்று பெயர். பாயசத்தில் போடுவது வேறு முந்திரி.

பிப்ரவரி 7

நிலம் பற்றி எழுதிய பிறகு வியட்நாம் நினைவுக்கு வந்து தொல்லை செய்கிறது. ஹைபோங் துறைமுகத்தில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது கணக்கு எழுத வந்த பெண் சிகரெட் அட்டையின் பின்புறத்தில் ‘மா’வை ஆறு விதமாக எழுதிக் காட்டினாள். குரலை ஏற்றியும் இறக்கியும் உடைத்தும் சொன்னால் பேய், கன்னம், ஆனால், கல்லறை, குதிரை, நாற்று. எனக்கு ஆறும் ஒன்றுபோலவே கேட்டன. அவளுக்கோ அவை நமக்குக் கல், கால், கள் மாதிரி வெவ்வேறு.

மறுநாள் பஸ்ஸில் ஊருக்குள் போனபோது சாலையின் இருபுறமும் நாற்றங்கால். அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அவர்கள் ‘மா’ நாற்று, எங்கள் ‘மா’ வயல்! அன்று இரவே டைரியில் நாலு பக்கம் எழுதினேன். சோழர் கப்பல், நெல், கடல் வழி என்று என்னென்னவோ. இழையைத் தொடங்கிய வாசகரிடம் நான் கடுமையாகப் பேசுவதாகச் சிலருக்குப் படலாம். அந்த நாலு பக்கத்தை எழுதியவன் மீது எனக்கு இருக்கும் கோபம்தான் அது.

வியட்நாமிய ‘மா’வுக்கும் இத்தாலிய ‘மா’வுக்கும் ‘ஆனால்’ என்ற பொருள் உண்டு என்பதையும் அன்றே கவனித்திருந்தேன். அதற்கு மட்டும் நான் சோழர் கப்பலைத் தேடவில்லை. ஏன் தேடவில்லை? அதில் தமிழ் இல்லை, அவ்வளவுதான். இத்தாலியச் சொல் ‘மேலும்’ என்று பொருள்படும் ‘மாகிஸ்’ என்ற லத்தீன் சொல் தேய்ந்து வந்தது. போன தலைமுறையில் அதற்கு வேறு முகம்.

பிப்ரவரி 8, காலை

வியட்நாமில் அம்மாவையும் ‘மா’ என்பார்களே, அதை விட்டுவிட்டீர்களே என்று இருவர் கேட்கிறார்கள். தென்பகுதியில் அப்படிச் சொல்வார்கள். ‘கன்னம்’ என்று அவள் எழுதிய அதே ஏற்றக் குரல்தான். வடக்கில் ‘மே’ என்ற வேறு சொல். ஹைபோங் வடக்கே இருக்கிறது.

பிப்ரவரி 8, மாலை

குதிரை. சீன ‘மா’ குதிரைதான், குரலை இறக்கி ஏற்றிச் சொன்னால். சமமாகச் சொன்னால் அம்மா. ஏற்றிச் சொன்னால் சணல். வெட்டி இறக்கினால் திட்டுதல். அழுத்தமில்லாமல் வாக்கியத்தின் கடைசியில் போட்டால் நம் ‘ஆ’ மாதிரி கேள்வி. “அம்மா குதிரையைத் திட்டுகிறாளா?” என்பதை முழுக்க முழுக்க ‘மா’க்களாலேயே சொல்லிப் பழகவைப்பார்கள். பாவம் குதிரை.

இந்தக் குதிரை ஊர் ஊராகப் போயிருக்கிறது, அது மெய். வியட்நாமில் குதிரைக்கான அந்த ‘மா’ சீனத்திலிருந்து போனதுதான். தாய்லாந்தில் உச்சக் குரலில் ‘மா’ குதிரை. ஏறு குரலில் நாய். சமக் குரலில் ‘வா’. லேம் சபாங் துறைமுக வாசலில் கயிறு கட்டும் ஆளைத் தாய் மொழியில் “வா” என்று கூப்பிட்டேன். அவன் முகம் போன போக்கிலிருந்து நான் என்ன சொல்லியிருப்பேன் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

தமிழுக்கு வருகிறேன். சங்கப் பாட்டில் ‘மா’ குதிரையைக் குறிக்கிறது, யானையையும் குறிக்கிறது, பொதுவாக விலங்கையும் குறிக்கிறது. “மாவும் மாக்களும் ஐயறி வினவே” என்பது தொல்காப்பிய மரபியல். ஐந்தறிவு உடைய எல்லாமே அங்கே மா. குதிரை அந்தக் கூட்டத்தில் ஒன்று. சீனச் சொல்லின் பழைய வடிவத்தை மீட்டமைக்கிற அறிஞர்களோ அதற்குள் ஒரு ரகரத்தை வைக்கிறார்கள்; ‘ம்ரா’ மாதிரி ஏதோ ஒன்று. அதாவது நம் சொல் முன்பு குதிரையாக இல்லை, அவர்கள் சொல் முன்பு ‘மா’வாக இல்லை. இருவரும் வெவ்வேறு தெருவிலிருந்து வந்து ஒரே பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார்கள். அண்ணன் தம்பி என்று நீங்கள் முடிவு கட்டுகிறீர்கள்.

பிப்ரவரி 10

இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மற்ற மொழி இருக்கட்டும், தமிழுக்குள்ளேயே ‘மா’ ஒரே சொல்தானா?

இன்ஜின் அறையில் எல்லாக் குழாய்க்கும் ஒரே வெள்ளைச் சாயம் பூசியிருந்த பழைய கப்பல் ஒன்றில் வேலை பார்த்திருக்கிறேன். எது கடல்நீர், எது எண்ணெய், எது குடிநீர் என்று மேலே பார்த்தால் தெரியாது. இணைப்பைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் எதோடு பூட்டியிருக்கிறது, என்ன வளையம் போட்டிருக்கிறது என்று பார்த்தால் உள்ளே ஓடுவது தெரிந்துவிடும்.

‘மா’வை அப்படிப் பாருங்கள். மரமான மா: மாங்காய், மாம்பழம், மாந்தோப்பு. நடுவில் மெல்லினம் வருகிறது. அரைத்த மா: மாக்கோலம், மாப்பண்டம். வல்லினம் இரட்டிக்கிறது. பெரிய என்ற மா: மாகடல், மாபெரும், மாதவம். ஒன்றுமே வரவில்லை. ககரம் மூன்று இடத்திலும் ககரம்தான். மாங்காய், மாக்கோலம், மாகடல். மூன்று குழாய், மூன்று விதப் பூட்டு.

இதை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அரைமணி நேரம் குதித்தேன். பிறகு தொல்காப்பிய எழுத்ததிகாரத்தைப் புரட்டினால் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. மாமரத்தையும் விலங்கான மாவையும் அடுத்தடுத்து வைத்து, “னகரம் ஒற்றும் ஆவும் மாவும்” என்று விலங்குக்குத் தனி விதி. மரத்தின் கிளை என்றால் மாங்கோடு. விலங்கின் கொம்பு என்றால் மான்கோடு. அந்த ‘மா’வும் இந்த ‘மா’வும் வேறு என்று புணர்ச்சியில் வைத்தே பிரித்துவிட்டார்கள். வீட்டுக்குள் இருக்கும் நான்கையே நம் பழையவர்கள் ஒன்றாகக் கலக்கவில்லை. நாம் பின்லாந்து வரைக்கும் போய்க் கலக்கிக்கொண்டிருக்கிறோம்.

பெரிய என்ற மா தமிழா, வடமொழி ‘மஹா’வா என்று ஒருவர் கிளப்பப் பார்க்கிறார். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

பிப்ரவரி 11

சிறு இடைச்செருகல். மாதவன் என்ற பெயரில் உள்ள மா திருமகள். திருமகளின் கணவன் மாதவன். குறள் 617 இலும் ஒரு மா இருக்கிறது: “மடியுளாள் மாமுகடி என்ப”. முகடி என்றால் மூதேவி. சோம்பேறியிடம் மூதேவி இருக்கிறாள், சோம்பலில்லாதவன் முயற்சியில் தாமரையினாள் இருக்கிறாள் என்கிறது குறள். இந்த மாவுக்குப் பரிமேலழகர் சொல்லும் பொருள் கருமை. அக்காவுக்கு முன்னால் தங்கையின் பெயர் போல ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பொருள் மட்டும் கறுப்பு. ஒரே எழுத்து சீதேவிக்கும் மூதேவிக்கும் வேலை செய்கிறது.

பிப்ரவரி 13

இழையைத் தொடங்கியவர் திரும்பி வந்து, “எத்தனை சொன்னாலும் இத்தனை மொழியில் அம்மா ஒத்துப்போவது சும்மாவா?” என்கிறார். சரி, அவர் வழியிலேயே போகிறேன். ‘மா’ என்றால் உலகம் முழுக்க ‘வேண்டாம்’, ‘இல்லை’ என்று நிறுவிக் காட்டட்டுமா?

வடமொழியில் ‘மா’ என்றால் ‘செய்யாதே’. வால்மீகி வாயிலிருந்து வந்த முதல் சுலோகமே “மா நிஷாத” என்றுதான் தொடங்குகிறது. அரபியில் ‘மா’ இல்லை என்பதற்கு உதவும். ‘என்ன’ என்பதற்கும் அதுவே. கொரியாவில் ஒன்றைச் செய்யாதே என்று தடுக்க ‘மா’. திபெத்தில் எதிர்மறைக்கு முன்னால் ஒரு மகரம். பர்மாவில் வினைக்கு முன் ஒரு மகரம் போட்டால் எதிர்மறை. எங்கள் பர்மாக்கார எண்ணெய்க்காரன் எதைக் கேட்டாலும் தெரியாது என்பதற்கு “மதிபூ” என்பான், நான் நிலாப்பூ என்று மகிழ்வேன். துருக்கியில் வினையின் வாலில் ‘மா’ ஒட்டினால் ‘செய்யாதே’: ‘பக்மா’, பார்க்காதே. துருக்கியின் நாட்டுப்பண்ணின் முதல் சொல்லே ‘கோர்க்மா’, அஞ்சாதே.

பட்டியல் நன்றாக இருக்கிறதல்லவா? அம்மா பட்டியலுக்குக் குறைவில்லை. இரண்டு பட்டியலையும் உண்மை என்று வைத்துக்கொண்டால் கிடைக்கும் ஒரே முடிவு, உலகம் முழுக்க அம்மாக்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது. என் அம்மாவைப் பொறுத்தவரை அது சரி.

துருக்கியிலேயே அந்த ‘மா’வுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ‘பக்மா’வில் முதல் அசையை அழுத்தினால் பார்க்காதே, கடைசி அசையை அழுத்தினால் ‘பார்த்தல்’. ‘தொல்மா’ என்ற தின்பண்டத்தில் இருப்பது இந்த இரண்டாவது ‘மா’. நிரப்பியது என்று பொருள். நிரப்பாதே என்று நினைத்துத் தட்டை நகர்த்திவிடாதீர்கள்.

பிப்ரவரி 13, இரவு

என் கப்பல் வாழ்க்கையில் அதிகம் காதில் விழுந்த ‘மா’ இவை எதுவும் இல்லை. போலந்துக்காரனின் ‘மா’. அவன் மொழியில் ‘மா’ என்றால் ‘வைத்திருக்கிறான்’, ‘வைத்திருக்கிறாள்’. நல்ல சொல். ஆனால் அது எப்போதும் முன்னால் ஒரு ‘ஞே’யோடுதான் வரும். ‘ஞே மா’. கிடையாது.

கிடீனியா துறைமுகத்தில் உதிரிபாகக் கிடங்கு ஒன்றுக்கு ஒரு பம்ப் தாங்கி வாங்கப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரியவர். பாகத்தின் எண்ணைக் காட்டினேன். எழுந்திருக்கவில்லை, அலமாரியைத் திரும்பிப் பார்க்கவில்லை. “ஞே மா.” வேறு அளவு? “ஞே மா.” எப்போது வரும்? தோளைக் குலுக்கினார். அவருக்குப் பின்னால் மூன்றாவது தட்டில் நான் கேட்ட அதே பெட்டி இருந்தது. கையை நீட்டிக் காட்டினேன். திரும்பிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடியும் பார்த்தார். பிறகு ஒரு முழு ‘மா’ சொல்லாமலேயே எடுத்துக் கொடுத்தார்.

பிப்ரவரி 14

கண்டனம் ஒன்று வந்திருக்கிறது, நியாயமானது. குறிலையும் நெடிலையும் கலந்து அடிக்கிறேன் என்கிறார் ஒரு தமிழாசிரியை. ஆமாம். பர்மிய மகரம் குறில். அதையும் குறில் என்றுகூடச் சொல்ல முடியாது, உதடு ஒட்டிப் பிரியும் நேரம்தான். எஸ்தோனியாவில் குறுக்கிச் சொன்னால் ‘நான்’, நீட்டிச் சொன்னால் ‘நிலம்’. இரண்டையும் ஒன்றாக்கினால் அவர்கள் தங்களையே மண்ணாக்கிக்கொண்டதாக ஆகிவிடும். இத்தாலியருக்கும் போலந்துக்காரருக்கும் சொல்லில் குறில் நெடில் வேற்றுமை கிடையாது; கடைசியில் நிற்கும் உயிரை நம் காது தானாகவே நீட்டிக் கேட்கிறது.

தமிழில் குறில் தனியாக நின்று சொல்லாவது அரிது. நன்னூல் ஓரெழுத்து ஒருமொழி 42 என்று கணக்கிடும்போது நாற்பது நெடில், இரண்டே குறில்: நொ, து. மகர வரிசையில் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. ‘ம’ அந்தப் பட்டியலில் இல்லை. இதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இப்படி எல்லா மொழியிலும் சின்னச் சொற்களுக்கான இருக்கைகள் கொஞ்சம்தான். உலகில் ஏழாயிரம் மொழி என்கிறார்கள். உதட்டைச் சேர்த்துப் பிரித்தால் வந்துவிடுகிற எளிய ஒலி இது. அதை யாரும் காலியாக விட்டுவைக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 17

அப்படியானால் எந்த ‘மா’வும் பயணம் போகவே இல்லையா என்று கேட்கிறார் ஒருவர். போயிருக்கிறது. நம் மாங்காய்தான். மலையாளத்து ‘மாங்ங’ போர்த்துக்கீசியர் வாயில் ‘மங்கா’வாகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய் மாங்கோ ஆனது. இதற்கு ஆள் நடமாட்டம் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, பழம் இருக்கிறது, எழுதிவைத்தவர்கள் இருக்கிறார்கள்.

போன இடத்திலும் அதற்கு நிம்மதி இல்லை. போர்த்துக்கீசிய மொழியில் ஏற்கெனவே ஒரு ‘மங்கா’ உண்டு: சட்டைக் கை. லத்தீனிலிருந்து வந்தது, நம்முடையதோடு தொடர்பில்லை. சட்டைக் கை மாதிரி நீண்டிருப்பதால் ரப்பர்க் குழாய்க்கு ‘மங்கேய்ரா’. மாமரத்துக்கும் ‘மங்கேய்ரா’. பிரேசிலில் சாண்டோஸ் துறைமுகத்தில் எரிபொருள் நிரப்ப வந்த படகிலிருந்து ஒருவன் “மங்கேய்ரா, மங்கேய்ரா” என்று கத்தினான். எங்கள் பணியாளர்களில் கோவாக்காரப் பெரியவர் ஒருவர், வீட்டில் பாட்டி பேசிய போர்த்துக்கீசியம் கொஞ்சம் அறிந்தவர். “மாமரம் கேட்கிறான்” என்று எனக்கு மொழிபெயர்த்தார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். குழாயைக் கொடுத்தோம்.

பிப்ரவரி 20

ஒரு தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தெலுங்கில் ‘மா’ என்றால் ‘எங்கள்’. கேட்பவரைச் சேர்க்காத எங்கள், சேர்த்தால் ‘மன’. விசாகப்பட்டினத்துக்காரன் ஒருவன் “மா ஊரு” என்று தொடங்கும்போதெல்லாம் பெரிய நகரத்தைப் பற்றிச் சொல்லப்போகிறான் என்று ரொம்ப நாள் நினைத்தேன். அவன் ஊரில் இருநூறு வீடு. பாரசீகத்தில் ‘மா’ என்றால் ‘நாங்கள்’. பந்தர் அப்பாஸில் கேட்டிருக்கிறேன். எஸ்தோனியாவின் குறுக்கிய ‘மா’, ‘நான்’. தன்னைச் சுட்டும் இடத்தில் மகரம் இத்தனை தடவை வருவதைப் பார்த்தால் எனக்கும் கை துறுதுறுக்கிறது. டைரியைத் திறந்து நாலு பக்கம் எழுதலாம் போலிருக்கிறது.

எழுதவில்லை. ஆனால் துறுதுறுத்தது.

மார்ச் 2

பத்து நாள் வரவில்லை. கண் அறுவைச் சிகிச்சை. இழையைத் தொடங்கியவர் தனியாக எழுதியிருந்தார். பின்லாந்தைக் கைவிட்டுவிட்டாராம். குதிரை விஷயத்தில் இன்னும் யோசிக்கிறாராம். யோசிக்கட்டும், குதிரை எங்கும் போகாது.

இன்னொருவர், அந்த ஹைபோங் பெண் எழுதிய சிகரெட் அட்டையைப் படம் எடுத்துப் போட முடியுமா என்று கேட்கிறார். நாலு பக்கத்தையும் சேர்த்துப் போட்டால் எல்லோரும் சிரிக்கலாம் என்கிறார். நேற்று பரணில் ஏறித் தேடினேன். கப்பலில் கொண்டுபோன இரும்புப் பெட்டி இருந்தது. பழைய சான்றிதழ்கள், ஒரு பம்ப் தாங்கி, ஜார்ஜியாப் பையன் அப்பா பிழைத்ததும் கொடுத்த பேனாக்கத்தி, எல்லாம் இருந்தன. டைரியையும் அட்டையையும் கேட்டால்,

ஞே மா.